நூல் வீட்டின் மூலை ஜன்னல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். உயிலங்குளத்தில் எங்கள் வயலுக்குப் போகிற வழியில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதில் முனி இருக்கிறது என்று ஊரே சுற்றிப் போகும். நான் சின்ன வயதிலிருந்தே அந்த மரத்தில்தான் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒன்றுக்கு இருப்பேன், முனிக்கும் எனக்கும் இன்றுவரை ஒரு தகராறும் இல்லை. போதாததற்குக் கட்டடக்கலை வேறு படித்தவன். அளவுநாடா பிடிக்க முடியாத எதையும் நம்பாதே என்பதுதான் எங்கள் படிப்பின் முதல் பாடம். அப்படிப்பட்டவன் இந்தக் கதையைச் சொல்ல வருகிறானே என்று நீங்கள் இப்போது உதட்டைச் சுழிப்பது எனக்குத் தெரிகிறது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். நான் மூன்றாம் வருட மாணவன். அந்தத் தவணை எங்கள் ஸ்டூடியோ வகுப்பில் ஒரு வேலை தந்தார்கள். இப்போது இல்லாத ஒரு கட்டடத்தை, அது இருந்த இடத்திலேயே, ஆள் உள்ளே போய் வரக்கூடிய முழு அளவில் காட்டவேண்டும், ஆனால் ஒரு கல்லும் வைக்கக்கூடாது. இன்ஸ்டலேசன் என்று அதற்குப் பெயர். முந்தின தவணையில் நான் செய்ததைப் பார்த்துவிட்டு எங்கள் விரிவுரையாளர் எல்லோர் முன்னாலும், "பந்தல் நல்லாயிருக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருந்தார். அந்தக் கடுப்பு எனக்குள் கிடந்து எரிந்துகொண்டிருந்தது. இந்த முறை ஆளை வாயடைக்கப் பண்ணவேண்டும் என்று வைராக்கியத்தோடு ஊருக்கு வந்தேன்.

எங்கள் அப்பாவிடம் நெல் வாங்க வருகிற ஹனீபா நானாதான் தன் வளவைக் காட்டினார். சிலாவத்துறைக்குக் கிட்ட. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச்சொன்னபோது வெளிக்கிட்டு, புத்தளத்து முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம் அது. உண்மையில் அந்த வளவு அவருடைய மனைவி நசீமா அக்காவின் தகப்பன் வீட்டு வளவு. வீடு இல்லை. காடு மண்டிக் கிடந்ததை இயந்திரம் விட்டுத் துப்புரவாக்கியபோது அத்திவாரமும் சேர்ந்து போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு கிணறும் அதன் உடைந்த கட்டும் மட்டும். பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு இருந்தார்கள். முற்றத்தில், திரும்பி வந்த சனங்களுக்கு வீடு கட்டித்தருகிற வீட்டுத்திட்டத்தின் கல்லும் மணலும் பறித்துக் குவித்திருந்தது, ஆனால் அத்திவாரம் வெட்டவில்லை.

"ஏன் நானா தொடங்கேல்லை?" என்று கேட்டேன்.

"அவட்டக் கேளுங்கோ" என்றார் நானா, கொட்டிலைக் காட்டி.

நசீமா அக்கா சுற்றிவளைக்கவில்லை. ஊரைவிட்டுப் போகச்சொன்ன அந்தக் கிழமைதான் அவருடைய வாப்பா மவுத்தாகியிருக்கிறார். வெளியே இறங்கவே பயம், பள்ளி மையவாடிக்குக் கொண்டுபோக வழியில்லை. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் விடியுமுன் இந்த வளவுக்குள்ளேயே குழி வெட்டி அடக்கிவிட்டார்கள். அடக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை, ஆகவே உம்மாவுக்கும் இடம் தெரியாது. அன்றைக்கே எல்லோரும் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டுவிட்டார்கள். குழி வெட்டிய மூன்று பேரும் புத்தளத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"எனக்கு அப்ப காய்ச்சல். அறைக்குள்ள படுத்திருந்தன். ஜன்னல் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டிச்சு, அது மட்டுந்தான் தெரியும். வாப்பாட முகத்தைக்கூடக் கடைசியாப் பாக்கயில்ல தம்பி, நான் நித்திரையெண்டு விட்டிட்டாங்க. இப்ப வீடே இல்ல, அந்த ஜன்னல் எங்க இருந்ததெண்டு நான் எப்பிடிச் சொல்ல? வாப்பாட நெஞ்சில அத்திவாரம் வெட்டச் சொல்றீங்களா?"

இந்தக் கிழமைக்குள் தொடங்காவிட்டால் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும் என்று மேசன் சொல்லி, அத்திவாரத்துக்கு நூலும் கட்டிவிட்டுப் போயிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் குடும்பத்தைப் போகச்சொன்னது துவக்குத் தூக்கிய எங்கள் ஆட்கள், என் இனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு. அந்த வருடம் நான் தவழ்ந்துகொண்டிருந்திருப்பேன், என்றாலும் வெட்கம் வெட்கம்தான். அதே நேரம், ஒளிக்காமல் சொல்கிறேன், இதைவிட நல்ல புரொஜெக்ட் எனக்கு எங்கே கிடைக்கும் என்றும் மனம் துள்ளியது.

வங்காலையில் என்னோடு படித்த ஒருவனின் தகப்பனிடம் வெள்ளை நைலோன் நூல் வாங்கினேன். வலை பின்னுகிற நூல், பாரத்துக்கும் அறாது, வெயிலுக்கும் தளராது. வீடு நின்ற இடத்தைப் பிடிக்கக் கிணறு ஒன்றுதான் ஆதாரம். கிணற்றிலிருந்து குசினி வாசல் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அக்கா, "நிறைகுடத்தோட வந்தா ஒருக்கா இடுப்பு மாத்துவன், பேந்து வாசல்" என்றார். சரி, அப்படியே செய்வோம் என்று குடத்தை நிறைத்துக் கையில் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார், பாதி வழியில் இடுப்பு மாற்றினார், பிறகு தானாக நின்று காலைத் தூக்கினார். அந்த இடத்தில் படி ஒன்றும் இல்லை, ஆனால் கால் படிக்குத் தூக்கியது. அங்கே முதல் கம்பை அடித்தேன்.

இப்படியே மூலைக்கு மூலை, வாசலுக்கு வாசல் கம்பு நட்டு, நிலத்திலிருந்து ஆள் உயரத்துக்கு மேல்வரை சாண் இடைவெளியில் நூல் இழுத்தேன். சுவர் முழுக்க நூல், கதவும் ஜன்னலும் வருகிற இடம் மட்டும் வெளி. விறாந்தை, மண்டபம், குசினி, இரண்டு அறை. மத்தியானத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. காற்று அடிக்கும்போது மட்டும் எல்லா நூலும் சேர்ந்து ரீங்கரிக்கும். சிலாவத்துறைக் கடற்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஓயாது.

ஒரே ஒரு விசயத்தில்தான் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவருடைய அறை ஜன்னல் சுவரின் மூலையோடு ஒட்டி இருந்தது என்றார். நான் அதைச் சுவரின் நடுவில் வைத்திருந்தேன். எந்த மேசன் மூலையில் ஜன்னல் வைப்பான்? பிள்ளை ஞாபகத்தில் மாறியிருக்கும் என்று நினைத்தேன், நடுவில் இருந்தால் ஸ்டூடியோவுக்கு எடுக்கிற படத்துக்கும் அழகு. கட்டடக்கலை மாணவனின் கையில் எதைக் கொடுத்தாலும் அவன் முதலில் செய்வது அதை நடுவுக்கு நகர்த்துவதுதான், எங்களுக்கு அது ஒரு வியாதி. அக்கா பாயை விரித்து அந்த நூல் அறைக்குள் படுத்துப் பார்த்தார். பழையபடி படுத்தால் சத்தம் வந்த திசை ஞாபகம் வரும் என்பது அவருடைய எண்ணம். கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டார்.

"இது என்ட அறை இல்ல தம்பி. ஜன்னலை மூலைக்குப் போடுங்கோ."

படங்களை எடுத்து முடித்துவிட்டேன்தானே, இனி என்ன என்று அடுத்த நாள் பின்னேரம் நூலை அவிழ்த்து ஜன்னலை மூலைக்கு மாற்றினேன். அசருத் தொழுகை முடிந்திருந்தது, வெயில் இன்னும் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. இருட்டில் நடந்ததென்றால் நானே என்னை நம்பமாட்டேன், அதனால்தான் வெயிலைச் சொல்கிறேன். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுப் பாயில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினார். "ஒண்டும் கதைக்காதீங்கோ" என்றார். நான் கடைசி நூலை முடிச்சுப் போட்டு இழுத்தேன்.

காற்று நின்றது.

வெளியே நிற்கவில்லை. அதுதான் விசயம். நூலுக்கு அந்தப் பக்கம் பனைகள் பேயாட்டம் ஆடுகின்றன, கொட்டிலின் கூரைத்தகரம் எழும்பி எழும்பி விழுகிறது, எனக்கு ஒரு சத்தமும் இல்லை. என் சேர்ட்டின் ஓரம்கூட அசையவில்லை. கிணற்றடியில் ஹனீபா நானா தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார். கப்பி சுற்றுவது தெரிகிறது, அது கிறீச்சிடவில்லை. அவர் என்னைப் பார்த்து ஏதோ கூப்பிடுகிறார், வாய் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். ஏதோ ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. என் காதுதான் அடைத்துவிட்டதாக்கும் என்று விரலை விட்டு ஆட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நான் கமக்காரன் வீட்டுப் பிள்ளை, மண்வெட்டிச் சத்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மணலில் இறங்கி, அடியில் சுக்கான் கல்லில் உரசி வருகிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் அமுங்கிக் கேட்டது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மேசன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து ஜன்னல் வெளியால் தலையை நீட்டினேன். நீட்டியதும் சத்தம் பளிச்சென்று முன்னால் கேட்டது, முகத்தில் மண் தெறிக்கும்போல் அவ்வளவு கிட்டத்தில். ஒருவரும் இல்லை. வெறும் தரை. தலையை உள்ளே இழுத்தேன், அமுங்கியது. நீட்டினேன், பளிச்சென்றது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், நான்கு கம்பும் கொஞ்ச நூலும் ஒரு கற்சுவர் மறிப்பதுபோல் சத்தத்தை மறித்துக்கொண்டிருந்தன. ஒரு கட்டடக்கலை மாணவனுக்கு இதைவிடப் பயங்கரம் வேறு இல்லை.

மண்வெட்டி நின்றது. யாரோ நடந்து வந்து ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி நின்றதுபோல் இருந்தது. புகையிலை போடுகிற ஆட்களுக்கு ஒரு கரகரத்த தொண்டை இருக்குமே, அப்படி ஒரு ஆம்பிளைக் குரல், மெதுவாக, மற்றவர்களை எழுப்பிவிடக்கூடாது என்ற கவனத்தோடு கேட்டது.

"புள்ள நித்திரையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா பாயில் கண்ணை மூடியபடி கிடந்தார். வீட்டில் யாராவது அப்படிக் கேட்டால் நாம் எப்படி யோசிக்காமல் பதில் சொல்வோமோ அப்படியே என் வாய் சொல்லிவிட்டது.

"ஓம், நித்திரை."

வெளியே ஒரு பெருமூச்சு. காலடி திரும்பிப் போனது. மறு கணம் காற்று அறைந்தது, எல்லா நூலும் ஒன்றாய் ரீங்கரித்தன, கப்பி கிறீச்சிட்டது, "தம்பீ, எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன், காது கேக்காதா?" என்று நானா கத்துவது கேட்டது.

அக்கா எழும்பி இருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"ஓம், நித்திரை" என்றேன்.

அவர் முக்காட்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். மண்வெட்டியோ, கேள்வியோ அவருக்குக் கேட்கவேயில்லை. என்னுடைய பதில் மட்டும்தான் கேட்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அன்றைக்கு விடியுமுன் மாமா ஜன்னலடியில் வந்து, பிள்ளை முழித்திருந்தால் கூட்டிப்போய் முகம் காட்டலாம் என்று கேட்டாராம். உள்ளேயிருந்து நித்திரை என்று பதில் வந்ததாம். உம்மா மண்டபத்தில் மையித்துக்குப் பக்கத்தில் இருந்தா. அறையில் அக்காவைத் தவிர ஒருவரும் இல்லை. உம்மா கடைசிவரை நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணித்தான் கண்ணை மூடினாவாம்.

"இளந்தாரி ஒராளிட குரல். எங்கட ஆக்கள்ர கதையுமில்ல. இப்ப உங்கட வாயில கேட்ட அதே குரல். இருவது வருசமா அந்தக் குரலை நான் ஏசாத நாளில்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானா ஓடிவந்து என்ன நடந்தது என்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் வாசலால் இறங்கிச் சுற்றிப் போய் ஜன்னலுக்கு முன்னால் நின்று, சத்தம் வந்த இடத்தைக் கையால் காட்டினேன். நானா குந்தியிருந்து கையாலேயே மணலை ஒதுக்கினார். ஒரு முழம்கூட இல்லை, கடல் முருகைக்கல் ஒன்று தட்டுப்பட்டது. ஆள் நீளத்துக்கு அந்தப் பக்கம் அதேபோல் இன்னொன்று. கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் கல். மேசன் அத்திவாரத்துக்குக் கட்டிவிட்டிருந்த நூல் சரியாக அந்த இரண்டு கல்லுக்கும் நடுவால் போனது. நானா மணலில் இருந்தபடியே கையேந்தித் துஆ கேட்டார். அக்கா நூல் அறையை விட்டு வெளியே வரவில்லை, அந்த மூலை ஜன்னலுக்குள் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்திவாரத்தைத் தள்ளி வெட்டினார்கள், வீடும் கைவிட்டுப் போகவில்லை. எங்கள் விரிவுரையாளருக்குப் படங்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டன. இவ்வளவு அமைதியான ஒரு வெளியை எப்படி உருவாக்கினாய் என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல, நூல்தான் காரணம் என்றேன்.

புது வீடு குடிபுகுந்தபோது எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அறை ஜன்னலை அக்கா மேசனோடு சண்டைபிடித்து மூலையிலேயே வைப்பித்திருந்தார். அதனூடாகப் பார்த்தால் இரண்டு கல்லும் தெரியும். நெய்ச்சோறும் இறைச்சியும் போட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இன்னும் போடுங்கோ இன்னும் போடுங்கோ என்று பரிமாறினார். என்னில் கோபமோ என்று நான் பயந்ததற்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. நானா கைகழுவ வெளியே போனபிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு மட்டும் கேக்கோணும் தம்பி. அண்டைக்கு நான் கண்ணை முழிச்சுக்கொண்டுதான் கிடந்தன். மாமா கேட்ட உடன பாயில எழும்பியும் இருந்திட்டன், அதுக்குள்ள உங்கட குரல். ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.