எங்க போற என்று கேட்காத வீடு

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிற ஆம்பளையை 'எங்க போற' என்று கேட்பதில்லை. கடலுக்குப் போகிற சனம் நாங்கள். கேட்டால் போகிற காரியம் தட்டிப்போகும், போனவன் திரும்புவது சந்தேகம். பின்னாலிருந்து கூப்பிடுவதும் கிடையாது. என் மாமியார் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாஷர் வாங்கக் கிளம்பினார். பாதி குடித்த டீயை டம்ளரோடு மதில் மேல் வைத்தார். போனார். அவ்வளவுதான். கடலும் காட்டவில்லை, ரோடும் காட்டவில்லை. முன்னேயும் இப்படிப் போய், எதற்குப் போனோம் என்பதே மறந்து, ரெண்டு நாள் கழித்து வருவார். அதனால் யாரும் உடனே தேடவில்லை. நான் நெற்றிப் பொட்டை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். மீன் கூடை சுமந்து மகனை வளர்த்தேன். யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை.

மகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கடலூர் முதுநகரில் வீட்டை ஒட்டியே படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல கைவேலைக்காரன், ஆனால் எதையும் முடிக்கமாட்டான். போல்ட்டு வாங்கப் போவான். சாயங்காலம் பார்த்தால் செம்மண்டலத்தில் யாரோ வீட்டுத் தண்ணி மோட்டாரைக் கழட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பட்டறையில் அவன் டம்ளர் பாதி டீயோடு ஆறிக் கிடக்கும். அதைக் கழுவும்போதெல்லாம் மதில் மேல் வைத்த அந்த டம்ளர்தான் கண்ணில் நிற்கும்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையில் கிடந்தபோது, மருமகளின் அண்ணன் தன் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார்.

"மாப்ள, தடை முடியும்போது இது ஓடணும். ஓடலன்னா என் தங்கச்சிய நான் இட்டுகினு போயிடுவேன். இதுக்குமேல அவ உனக்கு வாட்ச்மேன் வேல பாக்க மாட்டா."

மருமகள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

அவள்தான் அவனைச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனவள். சின்ன வயசிலிருந்தே இருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, கவனம் ஒன்றில் நிற்காது, பேர் ஏ.டி.எச்.டி. என்றாராம். அந்த எழுத்தை மருமகள் சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். மாத்திரையோடு ஒரு கோச்சையும் பார்க்கச் சொன்னார். கோச் என்றால் கபடிக்குத்தான் என்று நினைத்திருந்தேன். இன்ஜின் வந்த வாரமே மூணு பேருமாய்ப் போய்ப் பார்த்தால், அந்த ஊர்த் தேரோடும் வீதியில், மாடி ரூமில், ஒரு சின்னப் பொண்ணு. புத்தி சொல்லவில்லை. கேள்விதான் கேட்டது.

"வேல எந்த எடத்துல அறுந்துபோவுது, அண்ணே?"

மகன் தரையையே பார்த்தான். "ஒக்காந்திருக்க வரைக்கும் நல்லாத்தான் போவுது. எழுந்து வாசப்படி தாண்டினா எதுக்கு வந்தேன்னு தெரியாது."

"என்ன செஞ்சா நிப்பீங்க?"

"பக்கத்துல ஆளு இருந்தா வேல நடக்கும். எந்திரிக்கும்போது எங்க போறன்னு கேட்டா நின்னுடுவேன். எங்க வூட்டுல கேக்கமாட்டாங்க."

அந்தப் பொண்ணு என் பக்கம் திரும்பியது. "நீங்க கேக்கறீங்களாம்மா?"

"அந்த வார்த்த என் வாயில வராது" என்றேன்.

"சரி. வேலையும் சொல்லவேணாம், திட்டவும் வேணாம். சும்மா ஒக்காந்தா போதும்."

மருமகள் சிரித்துவிட்டாள். "அத்த திட்டாம ஒக்காந்துட்டா நான் உங்களுக்கு வஞ்சிரம் வறுத்து எடுத்தாறேன்."

உட்கார்ந்தேன். பட்டறையில் எறா உரித்தபடி உட்கார்ந்தேன். கழட்டினதை மகன் வரிசையாக என் மீன் கூடையில் வைத்தான். புதுச் சாமானையும் முன்னாலேயே வாங்கி அதிலேயே போட்டான். அடுத்தது என்ன என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவான். எல்லாம் அவனும் அந்தப் பொண்ணும் பேசி வைத்தது. வாரம் ஒருதரம் அது போனில் வரும். விட்டுப்போன வேலைக்குக் கோபப்படாது. எதனால் விட்டது என்று கேட்டு, வழியை மாத்தும்.

மகன் முதுகைப் பார்த்தால் என் வீட்டுக்காரர்தான். அதே கழுத்து, அதே மச்சம். சில மத்தியானம் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது.

தடை முடிவதற்கு முந்தின நாள். மகன் டீ குடித்துக்கொண்டே எழுந்தான். சட்டையைத் தோளில் போட்டான். டம்ளரை மதில் மேல் வைத்தான். பாதி டீ இருந்தது. எறா உரித்த கையோடு எழுந்தேன். அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

"எங்க போற?"

வேறு யாரோ கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நின்றான். "ஆயில் சீலு வாங்க..." கூடையைத் திரும்பிப் பார்த்தான். சீல் அதில்தான் இருந்தது. வந்து உட்கார்ந்து, "டீய எடும்மா" என்றான்.

சாயங்காலம் இன்ஜின் ஓடியது. மருமகளின் அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது என்னுதுதானா மாப்ள?" என்றார். மருமகள் அவரைச் சாப்பிட்டுப் போகச் சொல்லி உலை வைத்தாள்.

எல்லாரும் உள்ளே போனபிறகு டம்ளரைக் கழுவ எடுத்தேன். காலியாக இருந்தது. வாசலைப் பார்த்து அதே கேள்வியை மெதுவாக இன்னொரு தரம் கேட்டேன்.

உள்ளேயிருந்து மகன் சொன்னான்: "நான் இங்கதாம்மா இருக்கேன்."