மீன் கூடாது என்றார் டாக்டரம்மா

ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் பஸ்ஸில் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் விடவில்லை.

“இன்னாங்க, செக்கெண்ணெயா?”

“ஆமாங்க” என்றேன். உள்ளே இருந்தது முந்தின நாள் காலையிலிருந்து சொட்டு விடாமல் சேர்த்த என் மூத்திரம்.

அப்போது நான் தையல்கடை வைத்திருந்தேன். காலால் மிதிக்கிற மிஷின். அந்த ஆடியில் பாதங்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மிதியின் மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தைக்க வேண்டியிருந்தது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் போய்ப் பார்த்த டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டதில், மூட்டுவலிக்காக பஸ் ஸ்டாண்டில் ஒருவன் விற்ற சூரணத்தை மாதக்கணக்கில் தின்றதை ஒப்புக்கொண்டேன். “அதுல ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது கலந்திருந்தா நரம்பைக் கெடுத்துடும். மொதல்ல அதைத் தூக்கிப் போடுங்க” என்றார். ரத்தமும் ஒரு நாள் மூத்திரமும் கொடுக்கச் சொன்னார். அதற்கு முன் ஐந்து நாள் மீன், நண்டு, இறால் கூடாது.

என் மனைவி வெள்ளிமலைக்காரி, சொன்னதைச் சொன்னபடி செய்பவள். தெருவில் மீன் வண்டி வந்ததும் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, நான் வாய் செத்துப்போய்க் கிடக்கிறேனே என்று இரக்கப்பட்டு, சாமைச் சோற்றுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

அந்த நாட்களில் தினமும் விடிந்ததும் என் கால் கட்டைவிரலைப் பிடித்து அழுத்துவாள். “தெரியுதா?” என்பாள். “நல்லாத் தெரியுது” என்பேன். ஒன்றும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ரிசல்ட் வந்தது. ஈயமும் பாதரசமும் சரியாக இருந்தன. ஆர்சனிக் எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டரம்மா கூப்பிடுவதற்குள் நான் முடிவே கட்டிவிட்டேன். “மிஷினை வித்துடலாம்” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “மீன் சாப்ட்டீங்களா?”

“ஐயோ, இல்லீங்க! வூட்டுப் பக்கமே சேக்கல” என்றாள் மனைவி. “கருவாடு மட்டும்தாங்க, அஞ்சு நாளும் சாப்ட்டுக்கினு இருந்தாரு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “கருவாடு மீன் இல்லையாம்மா?”

“மீனு வேற, கருவாடு வேறங்க” என்றாள், படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பாவத்தில். நானும் தலையாட்டினேன்.

டாக்டரம்மா சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. கடல் மீனில் இயற்கையாகவே ஒருவகை ஆர்சனிக் உண்டாம். அது கெடுதல் செய்யாமல் மூத்திரத்தில் போய்விடுமாம். ஆனால் கணக்கைக் குழப்பிவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

மனைவி கருவாட்டுப் பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தாள். ஐந்து நாளும் கீரையும் மோரும்தான். இரண்டாவது கேனை மடியில் வைத்துப் போனபோது கேட்டவரிடம் விளக்கெண்ணெய் என்றேன்.

இந்த முறை ஆர்சனிக்கும் சரியாக இருந்தது. எனக்குக் குறைந்திருந்தது ஏதோ ஒரு வைட்டமின்தான். ஊசி போட ஆரம்பித்தார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, மனைவி பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு வந்து என் கட்டைவிரலைப் பிடித்தாள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன்.

“ஜில்லுனு இருக்குதுடி!” என்று கத்தினேன்.

அவள் இன்னும் ‘தெரியுதா?’ என்று கேட்கவே இல்லை. விரலை விடாமல் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

“அப்ப இத்தினி நாளும் பொய்யா சொல்லிக்கினு இருந்தீங்க?” என்றாள். திட்டத்தான் வாயெடுத்தாள், அழுதுவிட்டாள்.