மருமகன் கடையின் மஞ்சள் ஒயர்

எரிந்துபோன மோட்டாரை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஆரணியிலேயே காயில் சுற்றிக் கொடுத்தவன் நான். சைக்கிள் ரிம்மில் பட்டு நூல் சுற்றும் இயந்திரம் செய்தேன். பதினோரு பவர்லூம் கொட்டகைகளுக்கு ஒயரிங் போட்டேன், ஒன்றுகூட எரியவில்லை. களம்பூர் ரைஸ் மில்லில் எல்லோரும் கைவிட்ட மோட்டாரை ஓடவைத்தேன். சொந்த வீடு கட்டினேன், மாடிப்படி மட்டும் கொஞ்சம் சாய்வு. இத்தனையும் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. அதற்குமேல் வாத்தியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. மகளைப் பட்டம் வரை படிக்கவைத்தேன். எனக்கு எதிர்ப்பேச்சு பேச அவளுக்கு அது மிகவும் உதவியது.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. மருமகனின் கம்ப்யூட்டர்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். பட்டுப் புடவையின் கரையையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அதன்படி தறியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்திக் கொடுப்பது மருமகனின் தொழில். வரைந்த டிசைனெல்லாம் ஹார்ட் டிஸ்க் என்ற இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும். ஒன்று நிரம்பினால் இன்னொன்று வாங்குவார், பீரோவை ஒழுங்காக அடுக்காமல் இன்னொரு பீரோ வாங்குகிறவர்களைப் போல. அப்படி நாலு சேர்ந்துவிட்டன. ஆறு வருட உழைப்பு. நகல் எங்கே என்று கேட்டால், "எடுக்கணும் மாமா" என்பார்.

முகூர்த்த மாதம் நெருங்கும் நேரம். சேவூரில் ஆறு தறிகள் அவருடைய அட்டைக்காகச் சும்மா நின்றன. ஒரு நாள் காலை கரன்ட் போய் வந்ததும் மருமகன் கம்ப்யூட்டரைப் போட்டார். நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் சுற்றக் கிளம்பி, டக் டக்கென்று தட்டிவிட்டு நின்றுபோயின. மறுபடி போட்டார். மறுபடி டக் டக். திரையில் ஒரு டிசைனும் இல்லை. மருமகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்து மாட்டிக் கொடுத்த வேலூர் இன்ஜினியர் பத்து மணி பஸ்ஸில் வந்தார். காது வைத்துக் கேட்டார்.

"டிஸ்க்குங்க போயிடுச்சி சார். புதுசு போட்டு எல்லாத்தையும் மொதல்லேருந்து ஏத்திக்கலாம்."

"எதை ஏத்தறது?" என்றாள் என் மகள். "ஆறு வருசமும் அதுக்குள்ளதான் கீது."

அதுவரை நான் வாசலில் சும்மாதான் நின்றேன். உள்ளே போனேன்.

"நாலும் ஒரே நாள்ல போறதுக்கு இது இன்னா பஸ் ஆக்ஸிடென்டா தம்பி?"

"பெரியவரே, இது மோட்டார் இல்ல. கம்ப்யூட்டரு."

கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே கைவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கும் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கிளம்பியது. அதை மலிவான இணைப்பு ஒயர் போட்டு இரண்டாகப் பிரித்து, அந்த இரண்டை நாலாகப் பிரித்து, நாலு டிஸ்க்கையும் அதிலேயே மாட்டியிருந்தார் இன்ஜினியர். மஞ்சள் ஒயர் சுட்டது. வெள்ளைப் பிளக் பழுப்பாகிக் கருகல் வாசனை அடித்தது. அந்தப் பெட்டியிலிருந்தே வரும் இன்னும் இரண்டு கேபிள்கள் ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாகத் தூங்கின. எட்டவில்லையாம்.

"இந்த மஞ்சளு எதுக்கு?"

"டிஸ்க்க சுத்தற மோட்டாருக்கு. பன்னெண்டு வோல்ட்டு. செவப்பு போர்டுக்கு."

"உள்ள மோட்டாரு கீதுன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மோட்டார் எதுவானாலும் கிளம்பும்போதுதான் அதிகம் இழுக்கும், ஓடத் தொடங்கினால் அடங்கிவிடும். கொட்டகையில் கரன்ட் போனால் முதல் வேலை, எல்லாத் தறியின் சுவிட்சையும் அணைப்பது. வந்தபிறகு ஒவ்வொன்றாகப் போடுவது. மொத்தமாகக் கிளப்பினால் பீஸ் போய்விடும். இங்கே நாலு மோட்டார் ஒரே ஒயரில், அதுவும் ஆடுகிற பிளக்கில். கரன்ட் போதாமல்தான் தட்டுகின்றன, சாகவில்லை என்றேன். இன்ஜினியர் கருகிய பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் மட்டும், "அப்பா சொல்றதக் கேட்டுதான் பாப்போமே, இதுக்கு மேல கெடறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். இதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பிரிக்கப் போட்டிருந்த இணைப்பு ஒயர்களைக் கழற்றி எறிந்தோம். டிஸ்க்குகளை இடம் மாற்றி, ஒரு கேபிளில் இரண்டு, இன்னொரு கேபிளில் இரண்டு, சிடி ஓட்டுகிற பெட்டிக்கு மூன்றாவது. கரன்ட் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், பொரி மூட்டை போல இருந்தது. உள்ளே சரக்கு இருந்தால் கனக்கும். மத்தியான பஸ்ஸில் கனமானது ஒன்று வந்தது. நாலு டிஸ்க்குக்கும் தறிக்குப் போடுவதுபோல ஆளுக்கொரு சுவிட்ச் வைக்கலாம் என்று துளை போடப் போனேன். இன்ஜினியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடிகினு கீறப்ப ஒண்ண மட்டும் அணைச்சீங்கன்னா மெய்யாலுமே போயிடும் பெரியவரே."

அதில் அவர் சொன்னது சரி. ஒரு முறை ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு மருமகன் சுவிட்சைப் போட்டார். நாலும் சுற்றின. தட்டவில்லை. திரையில் மாங்காய்க் கரை வந்ததும் மருமகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மகள் மஞ்சள் ஒயரைத் தொட்டாள். "சில்லுனு கீதுப்பா." முதலில் நகல் எடுத்தால்தான் வீட்டுக்குப் போவேன் என்று நான் நின்றதால், நகலும் எடுக்கப்பட்டது. மறுநாள் சேவூர் தறிகளுக்கு அட்டை போயிற்று.

கிளம்பும்போது இன்ஜினியர் பெட்டியின்மேல் தன் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "வேலூர் இன்ஜினியர் காப்பாத்திக் குடுத்தாரு" என்கிறார் மருமகன். ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"மாமா, மோட்டார் சுத்தறவரு கம்ப்யூட்டர்ல கைய வெச்சாருன்னு தெரிஞ்சா பார்ட்டிங்க ஜல்தியா வேற கடைக்குப் போயிடுவாங்க."

நியாயமான பயம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் ஓய்வு பெற்று, தூசு படிந்து, கடை மூலையில் கிடக்கிறது. இனி யாரும் பயந்து ஓடப் போவதில்லை. ஸ்டிக்கருக்குக் கீழே ஒரு சாண் இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். 'இரண்டு கேபிளில் இரண்டிரண்டாக மாட்டி நாலு டிஸ்க்கையும் காப்பாற்றியவர் மாமனார்' என்று எழுதுங்கள் மருமகனே. பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன். எழுத்து ஸ்டிக்கரைவிடப் பெரிதாக இருக்கவேண்டும்.