ஏகாதசிக்கு மறுநாள் ஓட்டம்

பொன்மலை ஒர்க்ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த அந்த ஸ்ரீரங்கத்துக்காரனை எனக்குப் பிடிக்காது. அவன் என்னைவிட வேகமாக ஓடினான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெறும் தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டுவிட்டு ஓடினானே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் காந்தி மார்க்கெட் பக்கம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். "ஓடுற உடம்பு தம்பி, இன்னும் ரெண்டு வச்சுக்க" என்று தட்டில் இட்லியைப் போட்டுக்கொண்டே இருப்பாள். எட்டு இட்லி, இரண்டு முட்டை, ஒரு சொம்பு பால். அத்தனையையும் சுமந்துகொண்டு ஓடினால் காவிரிப் பாலத்தில் விலா பிடித்துக்கொள்ளும். அவன் சாவகாசமாக என்னைக் கடந்து போவான். அவன் பனியனின் முதுகுக் கிழிசல்கூட எனக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் மதராஸ் போட்டிக்கு எங்களில் ஒருவனைத்தான் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்கான பந்தயம் ஞாயிறு காலை எட்டரைக்கு. ஒர்க்ஷாப்பிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம்வரை போய்த் திரும்ப வேண்டும். நான் போகவேண்டும் என்பதைவிட அவன் போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் அவன் சாப்பாடே கொண்டுவரவில்லை. "இன்னிக்கு ஏகாதசி. பச்சைத் தண்ணிதான்" என்றான். அடப்பாவி, இதுதான் உன் ரகசியமா! மாதம் இரண்டு தடவை பட்டினி கிடந்து உடம்பை லேசாக வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். திறந்த தூக்கை அப்படியே மூடினேன். ராத்திரியும் சாப்பிடவில்லை. காலையில் அக்கா கேழ்வரகுக் கூழோடு வாசல்வரை வந்து கெஞ்சினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன்.

போகும்போது பறந்தேன். பாலத்தில் அவன் எனக்குப் பின்னால்! அந்தச் சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை. திரும்பும்போது மெயின்கார்டு கேட் அருகே கண் இருட்டி, தெருவோரமாக உட்கார்ந்துவிட்டேன். அவன் தாண்டிப் போய் ஜெயித்தான்.

பிறகு சைக்கிளில் என்னைத் தேடி வந்தவனும் அவன்தான், எனக்கென்று இரண்டு வாழைப்பழத்தோடு.

"பட்டினியோட எப்படி ஓடறதுன்னு நேக்கே பயமாத்தான் இருந்தது. நல்லவேளை, விடிஞ்சதும் பாரணை ஆயிடுத்து. அகத்திக்கீரையும் சாதமுமா வயிறு நெறைய சாப்ட்டேன். நீ என்ன சாப்ட்டே?"

விரதம் இருந்தவர்கள் மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் பார்த்தது பட்டினியை மட்டும்தான். உன்னைப் பார்த்துத்தான் நானும் கிடந்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

"வயிறு முட்டத் தின்னுட்டேன்" என்றேன்.

"அதான் பண்ணியிருக்கு. ராத்திரிவரைக்கும் ஒண்ணும் தொடாதே" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு பழத்தையும் அவனே உரித்துச் சாப்பிட்டான்.