சரக்கு ரயிலில் ஒரு படகு, படகில் ஒரு மாதா

மலாய் நாட்டுக் கிள்ளான் ரயில்வே குட்ஸ் ஷெட்டில் கிளார்க்காகச் சேர்ந்த பத்தாம் நாளே என் வேலை போகப் பார்த்தது. எல்லாம் என் அவசரப் புத்தியால்தான்.

ஆற்றின் மேல்பக்கம் பிரிக்பீல்ட்ஸில் இருந்த பெத்ரோ என்ற பிலிப்பினோ பேண்டு வாத்தியக்காரருக்கு மணிலாவிலிருந்து கப்பலில் ஒரு மாதா சிலை வந்திருந்தது. 'ஆற்று வழியாகப் படகில் அனுப்பவும்' என்று சீட்டில் எழுதியிருந்தது. ரயில் இருக்கப் படகு எதற்கு என்று அதை அடித்துவிட்டு, ரயிலில் புக் செய்துவிட்டேன்.

பெத்ரோ நேரில் வந்தார். வேகனில் மாதாவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எங்க ஊர் ஆத்தங்கரை, தம்பி. மாதா வெள்ளத்துல மிதந்து வந்துதான் எங்களுக்குக் கிடைச்சா. திருவிழாவுக்குப் படகுலதான் வருவா. முன்னால பேண்டு போகும், சனங்க தண்ணிய வாரி இறைப்பாங்க. நான் அதைப் பாத்துப் பதினெட்டு வருசமாச்சு. தரையில வந்தா வாங்க மாட்டேன். திருப்பி அனுப்பு!"

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தார். "உமக்கு விசரே? ஆத்தில மணல் ஏறிக் கிடக்கு, எந்தப் படகு போகும்? சிலை திரும்பிப் போனா நீரும் ஊருக்குக் கப்பல் ஏறும்!" என்று என்மேல் பாய்ந்தார்.

இந்த வேலைக்கு நடையாய் நடந்தவன் நான்.

"அண்ணே, மாதா படகுல இருக்கணும், அவ்வளவுதானே? படகு எதுமேல இருக்கணும்னு சட்டம் ஏதும் இருக்கா?"

பெத்ரோ தலையிலிருந்து கையை எடுத்தார். "அதை யாரும் கேட்டதில்லையே."

ஓடிப்போய் ஒரு சம்பான் படகைப் பிடித்து வந்து, சுவரில்லாத வேகனில் ஏற்றினோம். நடுவில் மாதா. பெத்ரோ ஏறி உட்கார்ந்து துடுப்பைக் கையில் எடுத்தார்.

"துடுப்பு எதுக்குக் காணும்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"சும்மா உக்காந்திருந்தா படகு எப்படி போகும்?"

மனுஷர் வழியெல்லாம் துடுப்புப் போட்டார். கையெழுத்து வாங்கக் கூடப் போன எனக்கும் ஒன்றைக் கொடுத்தார். பத்து தீகா ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, நாங்கள்தான் நிறுத்திவிட்டோம் என்பதுபோல ரயில் கார்டு எங்களை முறைத்தார்.

பெத்ரோ அடித்த தந்தி கிடைத்து, பிரிக்பீல்ட்ஸில் பேண்டுக்காரர்கள் ஊதிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீரை எங்கள்மேல் இறைத்தார்கள். பெத்ரோ விம்மி விம்மி அழுதார். நனைந்த டெலிவரி புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். என் வேலை தப்பியது. நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மாதாவைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து, அதேபோல் வேகனில் படகேற்றிக் கூட்டிப்போனார்கள். ஒரு வருஷம் நல்ல மழை, ஆறு நிரம்பி ஓடியது.

"அண்ணே, இந்தத் தடவை ஆத்துலயே போகலாமே?" என்றேன் ஆசையாக.

பெத்ரோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாதா வர்ற முறைய மாத்த நீ யாரு? வேகனைக் கொண்டா லா!"

அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஓர் எழுத்தையும் தொடாமல் அப்படியே புக் செய்தேன். வேலையில் நான் கற்ற பாடம் அது ஒன்றுதான்.