ஜாக்கெட் அளவில் நோயைக் கண்ட லோகேஸ்வரி

தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் குழந்தைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புஷ்பராணி தொலைபேசியில் அழைத்தாள். “மிஸ், லோகேஸ் அக்கா போயிட்டாங்க. காலையில மெஷின்ல உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். மாரடைப்புன்னு சொல்றாங்க.” தராசில் இருந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கந்தப்பளை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், பாதிக் கடையில் தையல் மெஷின் போட்டிருந்த லோகேஸ்வரியை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அவர்தான் தைத்திருப்பார். குடும்பநல மருத்துவமாதான எனக்கு அவரோடு இருந்த தொடர்பு வேறு. அதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் கடைசிவரை என்னை ‘மிஸ், வாங்க’ என்றுதான் அழைத்தார். ஒரு தீபாவளிக்கு முன் கிளினிக்குக்கு வந்து, தாய்மார் எல்லோரும் போகும்வரை வாங்குப் பலகையில் காத்திருந்தார். கையில் அளவு எழுதும் கொப்பி.

“நான் சொன்னா கோவிக்கக் கூடாது மிஸ். நம்ம புஷ்பா புள்ளைக்கு என்னமோ இருக்கு. பொங்கலுக்குத் தச்ச ஜாக்கெட்டு இப்ப கையில ஏற மாட்டேங்குது. ஆனா சோறே எறங்கலங்குறா. முன்கழுத்த மேல ஏத்தி வெட்டச் சொன்னா. ஏன்னு பாத்தா, எச்சி முழுங்குறப்ப தொண்டையில ஒரு மேடு ஏறி எறங்குது.”

எனக்குச் சுருக்கென்றது. புஷ்பராணி என் பொறுப்பில் இருந்தவள். இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் நான்தான் அவளைப் பார்த்தேன். சோர்வு என்று வந்தவளுக்கு இரத்தச் சோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியதும் நான்தான். ஒரு தையல்காரர் வந்து எனக்கு நோய் சொல்வதா என்ற எண்ணம் வந்தது உண்மை. மறுநாள் அவளுடைய லயத்து வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன். உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது, தோல் வறண்டிருந்தது, சீப்பு நிறைய முடி. குரல் கரகரத்தது. மலச்சிக்கலும் மாதவிடாயின்போது அதிகப் போக்கும் இருப்பதாக மெதுவாகச் சொன்னாள். எல்லாம் என் கண்முன்னேதான் இருந்திருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்த நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

நுவரெலியாவுக்குப் போய் இரத்தம் சோதிக்க ஒரு நாள் வேண்டும். பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் நிறை குறைகிறது என்று ஏற்கெனவே அவளுக்கு அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டுக்கொண்டிருந்த கங்காணி லீவு தர மறுத்தார். ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு நான் போனபோது, லோகேஸ் எனக்கு முன்பே அங்கே நின்றார்.

“ஒடம்ப வளத்துக்கிட்டு சோம்பேறித்தனம் பண்றா. இதுக்கு ஆஸ்பத்திரி வேறயா?” என்றார் கங்காணி.

“சோம்பேறின்னா சாப்பிட்டுட்டுத் தூங்குவா, ஐயா. இவ சாப்பிடாமலே வீங்குறா. ஒரு நாள் விடுங்க. ரத்தத்துல ஒன்னும் இல்லன்னா அவளுக்குப் பதிலா நான் கூடைய மாட்டிக்கிட்டு மலையேறுறேன்.”

பெரட்டில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. ஆனால் லீவு கொடுத்தார்.

நாங்கள் மூவரும் நுவரெலியாவுக்குப் போனோம். தைரொய்ட் சுரப்பு மிகவும் குறைந்திருப்பதாகச் சோதனை சொன்னது. புஷ்பராணிக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. லோகேஸ்தான் டொக்டரிடம் சிங்களத்தில் விடாமல் கேட்டார்: எதனால் வருகிறது? டொக்டரும் பொறுமையாகச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதுண்டு. உணவில் அயடீன் குறைந்தாலும் வரலாம். சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். பெண்களுக்கே அதிகம், சிலருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தொடங்கும். பஸ்ஸில் திரும்பும்போது லோகேஸ் அவள் பக்கம் சாய்ந்து, “கேட்டியா புள்ள? நீ செஞ்ச குத்தம் ஒன்னுமே இல்ல. ஒன்னையே குத்தம் சொல்ற ஒன் மாமியாகிட்ட அப்படியே சொல்லு” என்றார். புஷ்பராணி ஹாவாஎலிய ஊர் வரும்வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

இரண்டு மாதம் மாத்திரை எடுத்தும் பெரிய மாற்றம் இல்லை. அதையும் விசாரித்தவர் லோகேஸ்தான். தைரொய்ட் மாத்திரையை விடிந்ததும் குடிக்கும் தேத்தண்ணியோடு, நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி குடிக்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. அதன் பிறகு மெல்ல மெல்லத் தேறினாள். முழுப்பேர் விழுந்த அன்று கடைக்கு வந்து, முன்கழுத்தைப் பழையபடி இறக்கி ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் அதே கங்காணி தன் மகளின் சீருடையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன். உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிறாள், இந்தக் குளிரிலும் வியர்க்கிறது, பேனா பிடித்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போக மனைவி நாள் பார்த்துவிட்டாராம். லோகேஸ் இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று கடையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். அவர் எழுந்து கங்காணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க ஐயா. புஷ்பாவுக்குக் கொறஞ்சது இதுக்குக் கூடிப்போயிருக்கும் போல. நான் டொக்டர் இல்ல, அளவு மட்டுந்தான் தெரியும். இந்தா மிஸ் இருக்காங்க, நாளைக்கே இவங்களோட கூட்டிப்போங்க.”

சோதனையில் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. மருந்தில் தேறிய அந்தப் பிள்ளை இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். லோகேஸின் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் கங்காணியும் ஒருவர்.

கடந்த வாரம் எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் தைரொய்ட் நோயை நேரத்தோடு கண்டுபிடிப்பது பற்றிப் பேச்சு வந்தது. ‘எப்போதிருந்து களைப்பு?’ என்று கேட்டால் தோட்டத்துப் பெண்கள் பதில் சொல்ல மாட்டார்கள். களைப்பில்லாத நாளே அவர்களுக்கு ஞாபகமில்லை. ‘போன வருசத்து ஜாக்கெட் இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் உடனே சொல்வார்கள் என்றேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டு, இந்தக் கேள்வியை எந்தப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள் என்று கேட்டார். பயிற்சியில் இல்லை சேர், கந்தப்பளையில் லோகேஸ்வரி என்றொரு தையல்காரர் இருந்தார் என்றேன். இளைய மருத்துவமாதர் சிலர் அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். இந்தக் கேள்வி என்னிடம் இருக்கும். எங்கே கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்பேன்.