மூடிய மடிக்கணினியும் ஆண்டு தெரியாத தாளும்

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "01-10-2025, புதன், மாலை 5.40. மேம்படுத்தல் தொடங்கியது. மீதம் 52 நிமிடம் என்று காட்டுகிறது. சார்ஜர் செருகியிருக்கிறது." அடுத்த வரி: "02-10-2025, வியாழன், காலை 8.25. திரை கறுப்பு. இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்குகிறது."

இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். பிறகு எழுதிச் சேர்க்கலாம் என்று அப்படி விடுவது என் பழக்கம். அந்த இடம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

செமோருக்கு அப்பால் நான் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அதன் பழைய பதிவுகளைத் தேடி ஸ்கேன் செய்து வைப்பதுதான் ஈப்போவில் என் ஓய்வுக்கால வேலை. கடைசியாகக் கிடைத்தது ஆயாக் கொட்டகைப் பதிவேடு. பெற்றோர் பால் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகை அது. எந்தத் தொழிலாளியின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள் என்று தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், மாதாமாதம் எழுதியிருந்தார். பாரிட் புந்தாரில் இருக்கும் அவருடைய மகள் அதைக் கொடுத்து உதவினார். இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள். கட்டு விட்டுப்போய் எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. ஸ்கேன் செய்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன்பின் அவர்கள் வீட்டில் கூரை மாற்றும் வேலை தொடங்கி, சாமான்கள் எல்லாம் பெட்டிகளுக்குள் போய்விட்டன.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு தாள் ஓர் அக்காவுக்கு வேண்டியிருந்தது. அதே தோட்டத்தில் பிறந்தவர், அவருடைய தகப்பனார் பெயர் அந்த ஒரு தாளில்தான் இருந்தது. வயது அறுபத்து மூன்று. ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் போனதால் இன்றுவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு விண்ணப்பித்திருந்தார். சிறுவயதில் தோட்டத்தில் இருந்ததற்கு ஏதாவது பழைய காகிதம் இருந்தால் கொண்டுவரும்படி பதிவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, மூன்றாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு நாள் இருக்கையில் இயங்குதளத்தை ஏன் மேம்படுத்தினாய் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை. பத்து வருடப் பழைய மடிக்கணினி அது. யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய, இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளத்தில்தான் ஆறு ஆண்டுகளாக அதை ஓட்டிவருகிறேன். பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்ற அறிவிப்பு ஒரு வாரமாகத் திரையில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆவணங்கள் கோப்புறையை வெளித் தட்டில் பிரதி எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஸ்கேன் செய்த தாள்கள் ஆவணங்களில் இல்லை, கைக்கு எட்டட்டும் என்று அவற்றை முகப்புத் திரையிலேயே வைத்திருந்தேன் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை ஆயுத பூஜை. நான் குளிக்கப் போயிருந்தேன். என் மனைவி காய்வெட்டுக் கத்தி, தையல் கத்தரி, கார் சாவி, துளை போடும் இயந்திரம், என் அகராதிகள் எல்லாவற்றையும் சாமி மேடைக்கு முன் அடுக்கினாள். மேசையில் மடிக்கணினி திறந்து கிடந்தது. திரையில் ஒரு பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அவள் மின்கம்பியைக் கழற்றி, மூடி, ஈரத்துணியால் துடைத்து, மூடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து அகராதிகளின் மேல் வைத்துவிட்டாள்.

நான் வந்து பார்த்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அது ஓடிக்கிட்டு இருந்துச்சே," என்றேன்.

"வேலை செய்யறது எல்லாத்துக்கும் இன்னிக்கு ஓய்வு. அது மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணுமா? நாளைக்குப் பூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்."

மூடியிருந்தாலும் உள்ளே வேலை நடக்கும் என்று நினைத்தேன். மேம்படுத்தும்போது மூடியை மூடக்கூடாது என்று வழிகாட்டிப் பக்கத்தில் படித்திருக்கிறேன். நான் மூடப் போவதில்லை என்பதால் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வியாழன் காலை தீபாராதனை முடிந்ததும் குங்குமம் கொட்டாமல் திறந்தேன். பேட்டரி காலி. மின்சாரம் கொடுத்து இயக்கியபோது வந்ததுதான் அந்தக் கறுப்புத் திரை. கமுந்திங்கில் ஒரே தொழிற்சாலையில் என்னோடு பதினோரு ஆண்டுகள் வேலை செய்த நண்பனை அழைத்தேன். நான் பண்டகசாலையில் இருந்தேன், அவன் இயந்திரப் பராமரிப்பில். எனக்கு இந்த இயங்குதளத்தைப் பழக்கியவனும் அவன்தான். அன்று அவனுக்குப் பிற்பகல் வேலை.

"அப்டேட் ஓடறப்ப நிறுத்தினியா?" என்றான்.

"நான் நிறுத்தல மச்சான். பூஜையில வெச்சாங்க."



"எதுல வெச்சாங்க?"

"ஆயுத பூஜை லா. மூடி, சந்தனம் வெச்சு, சாமி மேடையில."

"நான் சர்ச்சுக்குப் போறவன் டேய். ஒங்க சாமி கம்ப்யூட்டருக்கு லீவு குடுக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. சார்ஜராவது சொருகியிருந்துச்சா?"

"அதையும் கழட்டிட்டாங்க."

"போச்சு லா. மூடினா தூங்கும். தூங்கிக்கிட்டே பேட்டரி தீந்திருக்கு. வயித்தக் கிழிச்சுப் போட்டுட்டு டாக்டர் எல்லாம் வீட்டுக்குப் போன மாதிரி கெடக்கு ஒன் மெஷின்."

ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தோம். சமையலறையிலிருந்து என் மனைவி, "அண்ணே, சார்ஜரையும் தொடச்சுத்தான் வெச்சேன்," என்றாள்.

"நல்லது தங்கச்சி. அதாச்சும் நல்லா இருக்கும்," என்றான் அவன்.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னான். படங்களும் சுட்டியும் இல்லாத, வெறும் எழுத்துகளால் பேசும் திரை வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன். உள்ளே விட்டது. கோப்புகள் எல்லாம் இருந்தன. முகம்தான் போயிருந்தது, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நண்பன் சொன்னான். அக்காவுக்கு வேண்டிய தாளைப் பற்றிச் சொன்னேன்.

"மொதல்ல அந்தத் தாள வெளிய எடு. மத்தத அப்பறம் பாக்கலாம்."

வெளித் தட்டு நிரம்பியிருந்தது, அதை விட்டால் என்னிடம் இருந்தது நான்கு ஜிபி பென்டிரைவ். முழுத் தொகுப்பும் அதில் அடங்காது. தாளின் பெயரைப் பார்த்து எடுக்கலாம் என்று பட்டியலை வரவழைத்தேன். பெயர் இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் வெள்ளைச் சாய்சதுரங்கள் வரிசையாக நின்றன. அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. நானோ ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு கோப்புக்கும் தமிழில்தான் பெயர் வைத்துவருகிறேன்.

"இங்கிலீஷ்ல வெச்சா கொறஞ்சா போயிருவ?"

"தமிழ்ல தட்டச்சு செய்ய முடியுதுங்கறதாலதானே மச்சான் இந்தச் சிஸ்டத்துக்கே வந்தேன்."

"சரி, வீம்ப அப்பறம் பேசிக்கலாம். நம்பர் தெரியுதா?"

தெரிந்தது. ஒவ்வொரு பெயரிலும் ஆண்டையும் மாதத்தையும் எண்களில் எழுதியிருந்தேன். சாய்சதுரங்களுக்கு நடுவே 1963-12, 1964-03, 1964-05 என்று அவை மட்டும் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு வேண்டியது 1964-03. அது ஒன்றுதான் இருந்தது. எண்ணை மட்டும் வைத்து எடுக்கும் கட்டளையை நண்பன் எழுத்தெழுத்தாகச் சொல்ல, தட்டிப் பென்டிரைவுக்குள் அனுப்பினேன். அப்போது மணி 10.50.

பதினொன்றரைக்கு அக்கா ஒரு பிளாஸ்டிக் கோப்புறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். இருவரும் கடைவரிசையில் இருக்கும் எழுதுபொருள் கடைக்கு நடந்தோம். கடைக்காரச் சீனப் பெண் பென்டிரைவைச் செருகித் தாளைத் திறந்து கொடுத்தார். பெரிய திரையில் கிராணியின் சாய்ந்த ஆங்கில எழுத்து வந்தது. பிள்ளைகளின் பெயர் இல்லை. தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, வயது, அவ்வளவுதான். அக்காவின் தகப்பனார் பெயர் ஏழாவது வரி.

"படி தம்பி," என்றார் அக்கா. அவருக்கு ஆங்கிலம் வராது.

"ஒங்க அப்பா பேரு. பெண். ரெண்டு வயசு."

"எந்த வருசம்?"

"அறுபத்து நாலு, மார்ச்."

"அங்க எழுதியிருக்கா?"

கேட்ட பிறகுதான் தாளின் தலைப்பை நிமிர்ந்து பார்த்தேன். மார்ச் என்பது இருந்தது. அதற்கு அடுத்து, ஆண்டு இருக்கவேண்டிய இடத்தில், பூச்சி அரித்த ஓட்டை. முன்னால் கிடந்த தாள் 1963 டிசம்பர், பின்னால் கிடந்தது 1964 மே. அதனால் நானே 1964 என்று போட்டிருக்கிறேன். ஊகம் என்றால் கேள்விக்குறி போடுவது என் வழக்கம். அன்று போடாமல் விட்டிருக்கிறேன்.

"இல்லக்கா. பூச்சி தின்னுருக்கு. வருசம் நான் போட்டது."

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு முன்ன ஒரு அக்கா இருந்துச்சு தம்பி. ரெண்டு வயசு மூத்தது. மூணு வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. அதுவும் அந்தக் கொட்டகையில கெடந்த புள்ளதான்."

கணக்கு எளிது. தாள் 1964 என்றால் அந்த இரண்டு வயதுப் பெண் இவர். 1962 என்றால் இறந்துபோன மூத்தவர். தனித்தாள்களாகக் கிடந்த புத்தகத்தில் ஒரு தாள் இடம் மாறிக் கிடப்பது பெரிய விஷயமில்லை.

எத்தனை பிரதி என்று கடைக்காரப் பெண் மலாயில் கேட்டார். அக்கா இரண்டு விரலைக் காட்டினார்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். வாசலில் நின்று, "வேற தாள்ல ஏதாச்சும் அடையாளம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். இருக்கலாம் என்றேன். அதைப் பார்க்க முழுத் தொகுப்பும் கண்முன் வேண்டும். கறுப்புத் திரையில் படம் வராது.

பிற்பகல் முழுவதும் அதற்குத்தான் போனது. நண்பன் வேலைக்குப் போய்விட்டான். அவன் செய்தியாக எழுதி அனுப்பிய வரிசைப்படி செய்தேன். பாதியில் நின்ற நிறுவலை முடிக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்ததும் எழுத்துகள் அருவிபோல் ஓடி ஓரிடத்தில் நின்றன. கிடைக்காத சில பகுதிகளை இணையத்திலிருந்து எடுக்கவேண்டும், வைஃபையோ வேலை செய்யவில்லை. கைப்பேசியைக் கம்பியால் இணைத்து அதன் வழியாக இணையம் கொடுத்தேன். ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. மறுபடி இயக்கினேன். நுழைவுத் திரை வந்தது. கடவுச்சொல் கொடுத்தேன். ஒரு கணம் கறுத்து, மீண்டும் அதே நுழைவுத் திரை. ஐந்து முறை அப்படியே.

தேநீர் இடைவேளையில் நண்பன் அழைத்தான்.

"புதுசா ஒரு யூசர் போட்டுப் பாரு."

போட்டேன். புதியவருக்கு முகப்புத் திரை உடனே வந்தது.

"அப்ப சிஸ்டம் நல்லாருக்கு. கெட்டது ஒன் பழைய செட்டிங்தான். அந்த ஃபோல்டர் பேர மாத்தி ஓரமா வெச்சுட்டு உள்ள போ."

மாற்றினேன். 4.35க்கு என் முகப்புத் திரை வந்தது. கீழே இருந்த பட்டை இடப்பக்கம் போயிருந்தது, எழுத்துகள் எறும்பாகியிருந்தன, தமிழ் விசைப்பலகையைக் காணவில்லை. விசைப்பலகையை மட்டும் மறுபடி சேர்த்துவிட்டுத் தாள்களைத் திறந்தேன்.

1962 என்று ஆண்டு தெளிவாக உள்ள தாள்கள் ஒன்பது. 1964க்கு ஆறு, இரண்டிலும் மார்ச் இல்லை. எல்லாவற்றிலும் அதே கிராணியின் கை, அதே கோடு போட்ட தாள். ஏழாவது வரிக்கு மேலும் கீழும் உள்ள தகப்பன்மார் இரண்டு ஆண்டுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் வயதை ஒப்பிட்டேன். இரண்டு வரிகள் 1964க்குப் பொருந்தின, ஒன்று 1962க்கு. அந்த வீடுகளிலும் வரிசையாகப் பிள்ளைகள் பிறந்திருக்கலாம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கோப்பின் பெயரில் 1964க்குப் பின் கேள்விக்குறி சேர்த்தேன். மடிக்கணினி ஏற்றுக்கொண்டது, பென்டிரைவ் மறுத்தது. அதனால் "ஊகம்" என்ற சொல்லை எழுதினேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளில், மாதம் மட்டுமே அசலில் உள்ளது, ஆண்டு நான் கணித்தது என்று மலாயில் எழுதிக் கையெழுத்திட்டு அக்காவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதக் குடுத்தே ஆகணுமா?"

"ஒங்க இஷ்டம்க்கா."

அவர் அதை நான்காக மடித்தார். "கேட்டா குடுக்கறேன். கேக்காட்டி பைக்குள்ளயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை நானும் உடன் போனேன். முகப்பில் இருந்த அதிகாரி தாளை வாங்கி, விரலை ஓட்டையின் மேல் வைத்து, எந்த ஆண்டு என்றுதான் முதலில் கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து, மடித்த தாளை எடுத்து, மேசையில் வைத்துத் தடவி நேராக்கினார். அதிகாரி படித்தார். இரண்டையும் சேர்த்து விண்ணப்பத்தோடு பின் அடித்தார். ஆண்டுக்குச் சான்று கிடைத்தால் கொண்டுவரலாம், முடிவு கடிதத்தில் வரும் என்றார்.

"நான் இருந்தேன்னு சொல்றதுக்கு என் அக்காவையும் சேத்துக் கேக்க வேண்டியிருக்கு பாரு," என்றார் அக்கா, வெளியே வந்து குடையை விரித்தபடி.

அன்று மாலையே பாரிட் புந்தாருக்கு எழுதினேன். ஓட்டையின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ தேய்ந்த எழுத்து ஏதாவது இருந்தால் அசல் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது தெரியலாம், முடிந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று. கூரை வேலை இன்னும் முடியவில்லை, பெட்டியைத் திறந்ததும் பார்ப்பதாகக் கிராணியின் மகள் பதில் அனுப்பினார். அதன்பின் செய்தி இல்லை. அலுவலகத்திலிருந்து கடிதமும் வரவில்லை. அந்தத் தாள் 1962ஆம் ஆண்டினதா, 1964ஆம் ஆண்டினதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.